சத்திரத்தை இடிக்கவும் வேண்டாம், சிமென்ட் பூசவும் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்ச் சத்திரத்தை இடித்துவிட்டு அதே இடத்தில் புதிய சமுதாயக் கூடம் கட்டப் போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. இடிக்க ஆள் பார்த்தாயிற்று என்று டீக்கடையில் ஒருவர் சொல்கிறார். இன்னொருவர், இடிக்கவெல்லாம் இல்லை, சுவரைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசி, கீழே டைல்ஸ், மேலே ஃபால்ஸ் சீலிங் என்று புதுசு மாதிரி ஆக்கிவிடுவார்கள் என்கிறார். எது நடந்தாலும் சத்திரம் போய்விடும் என்பதுதான் என் கவலை. இடித்தால் ஒரே நாளில் போகும், சிமென்ட் பூசினால் பத்துப் பதினைந்து வருஷம் இழுத்துக்கொண்டு கிடந்து போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஏதோ ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் போட்டால் அது எங்கள் பஞ்சாயத்துச் சண்டையாக மட்டும் முடிந்துவிடும். போடாவிட்டால் வலங்கைமான்காரரும் திருத்துறைப்பூண்டிக்காரரும் படித்துவிட்டு, அட, நம்ம ஊர்க் கதைதானே என்று நினைப்பார்கள் அல்லவா?

நான் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருப்பவன். அண்டா, நாற்காலி, பந்தல் சாமான், ஜெனரேட்டர் எல்லாம் உண்டு. இந்தச் சுற்று வட்டாரத்தில் எந்த மண்டபத்தில் எந்த மூலை ஒழுகும், எந்தச் சமையல்கட்டில் புகை வெளியே போகாமல் கண் எரியும், எங்கே லோடு இறக்க வண்டி உள்ளே வராது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பழைய சத்திரம் நின்றாலும் என் பாத்திரம் போகும், புது மண்டபம் வந்தாலும் போகும். ஆகவே வியாபாரத்துக்காகப் பேசுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

தஞ்சாவூர் மராட்டியர் காலத்தில் சேது யாத்திரை போகிறவர்களுக்காக ராமேஸ்வரம் பாதையில் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி 1802-ல் கட்டிய முக்தாம்பாள் சத்திரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முகப்பே குதிரையும் யானையும் இழுத்துக்கொண்டு போகிற தேராகத்தான் இருக்கும். சத்திரத்துச் செலவில் ஆங்கிலேயர்கள் கை வைத்துவிடக் கூடாது என்று அதே சரபோஜி 1801-ல் ரெசிடென்டுக்கு, அதாவது தஞ்சாவூரில் இருந்த ஆங்கிலேயக் கம்பெனிப் பிரதிநிதிக்கு, கடிதம் எழுதியிருக்கிறார். வழிப்போக்கருக்குச் சோறு, நோயாளிக்கு வைத்தியம், அநாதைப் பிள்ளைகளுக்குப் பராமரிப்பு, படிப்பு என்று சத்திரத்தில் நடந்ததையெல்லாம் அதில் விவரமாகச் சொல்கிறார். இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராஜாவே மனு எழுத வேண்டியிருந்தது என்றால், நாம் எழுதுவதில் என்ன வெட்கம்.

எங்கள் ஊர்ச் சத்திரம் அவ்வளவு பெரியது இல்லை, ராஜா கட்டியதும் இல்லை. ஊர் மிராசுதார் குடும்பம் கட்டி ஊருக்கு விட்டது. முன்னால் இரண்டு பக்கமும் திண்ணை, உள்ளே முற்றம், முற்றத்தைச் சுற்றி நாட்டு ஓடு போட்ட தாழ்வாரம், பின்னால் கூடம், அதற்கும் பின்னால் கோட்டை அடுப்போடு சமையல்கட்டு. கூடத்துக்கு மட்டும் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, சின்னச் செங்கல்லைக் குத்தாகச் சாய்த்து அடுக்கி, அதன் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து அடித்து, தட்டோடு பதித்திருக்கிறார்கள். கோடை விடுமுறையில் கல்யாணம் வைத்தால் தெரியும், ஃபேன் ஓடாவிட்டாலும் கூடத்தில் உட்கார முடியும். டவுனில் இருக்கிற கான்கிரீட் மண்டபத்தில் கரண்ட் போன பத்தாவது நிமிஷம் மாப்பிள்ளை சட்டை நனைந்துவிடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சத்திரம் என்று சொன்னால் எல்லாரும் உருகிவிடுவதில்லை. என் கடையில் வேலை பார்க்கும் பையனின் பாட்டி, "எங்கள அந்தத் திண்ணையில ஏற விட்டதே கிடையாது, கொல்லப்பக்கம் எல போட்டுத்தான் சோறு, இடிஞ்சா இடிஞ்சுட்டுப் போகட்டும்" என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. பாரம்பரியம் பாரம்பரியம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பாட்டிக்கு முதலில் பதில் சொல்லிவிட்டுப் பேச வேண்டும். என்னைக் கேட்டால் பதில் சாவியில்தான் இருக்கிறது. சத்திரத்துச் சாவி இன்னும் ஒரே தெருவில், ஒரே குடும்பத்தில்தான் தொங்குகிறது. அதைப் பஞ்சாயத்து ஆபீசுக்குக் கொண்டு வந்து, பதிவுக்கு ஒரு நோட்டுப் போட்டு, எந்தத் தெருக்காரர் கேட்டாலும் ஒரே வாடகை என்று வாசலில் போர்டு எழுதி வைத்தால், அந்தப் பாட்டியின் பேத்தி வளைகாப்பு அதே கூடத்தில் நடக்கும். அது நடக்காமல் தூணுக்கு எத்தனை தடவை வெள்ளையடித்து என்ன பிரயோஜனம்?

அப்புறம் கட்டடத்தின் இப்போதைய நிலைமை. சுவரில் கன்னாபின்னாவென்று உப்பு பூத்திருக்கிறது. பல வருஷத்துக்கு முன்னால் யாரோ நல்லெண்ணத்தில் கூடத்தின் வடக்குச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு சிமென்ட் பூசிவிட்டார்கள். அந்தப் பூச்சை விரலை மடக்கித் தட்டினால் டொக் டொக்கென்று பொள்ளலாகச் சத்தம் வருகிறது. ஒரு ஓரத்தை நகத்தால் நெம்பினேன், அப்பளம் மாதிரி ஒரு துண்டு பெயர்ந்து கையோடு வந்தது, அதன் முதுகில் செங்கல் பொடி அரை விரல் கனத்துக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அதாவது பூச்சு நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே இருக்கிற செங்கல்தான் கரைந்துகொண்டிருக்கிறது.

ஏன் அப்படி ஆகிறது என்று இன்ஜினீயர் படித்தவர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. நம்முடைய மண் களிமண். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓட ஆரம்பித்தால் தை வரைக்கும் நிலத்தடியில் ஈரம் காயாது, நடுவில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை வேறு. அந்த ஈரம் அஸ்திவாரம் வழியாகச் சுவரில் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் ஈரம் அதன் வழியாகவே வெளியே போய்க் காய்ந்துவிடும், கொஞ்சம் உப்பு பூத்தால் பூச்சுதான் உதிரும், அந்த இடத்தில் மறுபடி பூசிக்கொள்ளலாம். சிமென்ட் பூசினால் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. மேலே மேலே ஏறும், இல்லாவிட்டால் செங்கல்லுக்குள்ளேயே நின்று உப்பாக இறுகிச் செங்கல்லைப் பிளக்கும். தரைக்கு டைல்ஸ் போட்டால் இன்னும் மோசம், தரை வழியாகப் போக வேண்டிய ஈரமும் சேர்ந்து சுவருக்கு வரும். பழைய வீட்டை வாங்கி டைல்ஸ் போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், அடுத்த மழைக்கே சுவரோரம் கறுத்திருக்கும்.

இன்னொரு வில்லன் ரோடு. ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, படியேறிப் போக வேண்டிய சத்திரத்துக்குள் இப்போது இறங்கிப் போகிறோம். தெருத் தண்ணீர் முழுக்கத் திண்ணையடியில் வந்து நிற்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். அந்த உத்தரவு எங்கள் ஊர் எல்லை வரைக்கும் வந்துவிட்டு எந்த பஸ்ஸும் கிடைக்காமல் திரும்பிவிட்டது போலிருக்கிறது. சத்திரத்தைக் காப்பாற்ற முதல் செலவு எது என்று கேட்டால், அந்த ரோட்டோரம் ஒரு வடிகால் வெட்டுவதுதான். அதற்குப் பாரம்பரியக் கட்டட நிபுணர் வேண்டாம், ஒரு மண்வெட்டி போதும்.

இரண்டாவது கூரை. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் யாராவது ஏறி அரிவாளால் வெட்டிவிட்டு இறங்குவார்கள், பொங்கலுக்குள் இரண்டு பங்காகத் தழைத்துவிடும், வேர் மட்டும் சுவருக்குள் தடித்துக்கொண்டே போகும். வேரோடு எடுக்க வேண்டுமென்றால் அந்த இடத்தில் நாலு வரிசைச் செங்கல்லைப் பிரித்து எடுத்து மறுபடி கட்ட வேண்டும், வேறு வழியே இல்லை. தாழ்வாரத்தில் ஓடு சரிந்த இடத்தில் மழை நேராகக் கட்டையின் மேல் விழுகிறது. நாலு உத்தரத்தின் நுனி மக்கிவிட்டது, மற்றதெல்லாம் இன்றைக்கும் ஆணி இறங்காத தேக்கு. மக்கிய நுனியை மட்டும் அறுத்துவிட்டு ஒட்டுப் போடலாம் என்று ஆசாரி சொல்கிறார். இடிக்கலாம் என்று சொல்கிறவர்களில் சிலருக்குக் கண் அந்தத் தேக்கின் மேல்தான் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள், எனக்கும் அந்தச் சந்தேகம் இல்லாமல் இல்லை.

சுண்ணாம்பு வேலைக்கு இப்போது ஆள் எங்கே இருக்கிறான் என்று கேட்பார்கள். இருக்கிறார்கள். கும்பகோணம் பக்கத்தில் துக்காச்சி ஆபத்சகாயேஸ்வரர் கோயிலைச் செடி மூடிக் கிடந்த நிலையிலிருந்து பழைய முறைப்படியே மீட்டு எடுத்தார்கள், 2024-ல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. ஸ்ரீரங்கம் கோயிலுக்கு 2017-ல் அதே விருது வரிசையில் ஒன்று கிடைத்தது. நமக்குப் பக்கத்திலேயே இருக்கிற தொழில்தான், கோயிலுக்கு மட்டும்தான் கூப்பிடுகிறோம், ஊர்க் கட்டடத்துக்குக் கூப்பிடுவதில்லை. எழுபது வயசு தாண்டிய கொத்தனார் ஒருவரை அழைத்து வந்து சத்திரத்தைக் காட்டினேன். அவர் வீட்டில் தொட்டி நிறையச் சுண்ணாம்பு ஊற வைத்திருக்கிறார். கரணையில் ஒரு கை எடுத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக் குழைத்து, கரணையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். கலவை விழவில்லை. "இது விழுந்தா இன்னும் நாலு நாள் ஊறணும், அவ்வளவுதான் சூட்சுமம்" என்றார். ஒரு பூச்சு மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, தண்ணீர் தெளித்து, அதன் மேல் அடுத்தது. சுண்ணாம்பு காற்றைக் குடித்துத்தான் இறுகும், அவசரப்படுத்தினால் வெடித்துவிடும் என்றார்.

பிரச்சினையே இந்த அவசரத்தில்தான் இருக்கிறது. பணம் ஒதுக்கி வருவது பெரும்பாலும் தாமதமாக, மார்ச் 31-க்குள் பில் போட்டாக வேண்டும் என்று காண்ட்ராக்டர் பறப்பார். சதுர அடிக்கு இவ்வளவு என்று ரேட் பேசி எடுத்தவருக்கு, நாலு பூச்சு பூசிக் காத்துக்கொண்டிருக்க என்ன தலையெழுத்து? ஆகவே டெண்டர் எழுதும்போதே சுண்ணாம்புக் கலவை என்று தெளிவாக எழுத வேண்டும், மாதக் கணக்கில் அவகாசம் கொடுக்க வேண்டும். பொதுப்பணித்துறையில் பழைய கட்டடங்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, சென்னை சேப்பாக்கத்தில் சிதைந்து கிடந்த ஹுமாயூன் மகாலை மீட்டது அவர்கள்தான். சேப்பாக்கத்துக்கு வந்த அந்த இன்ஜினீயர்கள் ஒரு தடவை நீடாமங்கலம் பக்கம் வந்து எஸ்டிமேட் மட்டும் போட்டுக் கொடுத்தால் போதும், மற்றதை ஊர் பார்த்துக்கொள்ளும். பாரம்பரிய ஆணையச் சட்டம் என்று 2012-லேயே சட்டசபையில் நிறைவேற்றியிருக்கிறார்கள். அதன் பட்டியலில் பெரிய பெரிய கட்டடங்களோடு நம் ஊர்ச் சத்திரங்களும் ஏற வேண்டாமா?

பணத்துக்கு வருகிறேன். நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை ஊர் போட்டால் மீதியை அரசு போடும். எங்கள் ஊரில் கும்பாபிஷேகத்துக்கு நோட்டுப் போட்டால் திருப்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஒரே வாரத்தில் பணம் வந்து குவிகிறது, அன்னதானத்துக்கு நான் நீ என்று போட்டி வேறு. சத்திரத்துக்கு என்று கேட்டால் மட்டும் போனை எடுப்பதில்லை. அதே ஆட்கள்தான் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது அம்மா அப்பா எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் தவித்தவர்கள். அவர்கள் அம்மா அப்பா சத்திரத்துக் கூடத்தில்தான் இருந்தார்கள். கூரை வீடு, ஷீட் போட்ட வீடு எல்லாம் பறந்துபோன அன்றைக்குச் சத்திரத்தில் தாழ்வாரத்து ஓடு போனதே தவிரக் கூடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கரண்ட் வரும் வரைக்கும் அந்தக் கோட்டை அடுப்பில்தான் மூன்று தெருவுக்கும் உலை கொதித்தது. அண்டா என்னுடையது என்பதால் இது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கட்டடத்தை மட்டும் சரி செய்து பூட்டி வைத்தால் மறுபடி பழைய கதைதான். ஆள் புழங்காத கட்டடத்தில் முதலில் வௌவால் வரும், அடுத்து நெல் மூட்டை வரும். கொள்முதல் நிலையத்தில் இடம் போதவில்லை என்று எங்கள் கூடத்தில் ஒரு பட்டம் நெல்லை அடுக்கி, கொள்முதலுக்கு உரிய 17 சதவீத ஈரப்பதம்தான் என்று கணக்கெழுதிய மூட்டையெல்லாம் சுவரோடு சாய்ந்து முளைத்தே விட்டது. விவசாயி நெல்லுக்கு இடம் வேண்டும், சரி, அதற்குக் கிடங்கு கட்டுங்கள், கல்யாணக் கூடத்தில் அடுக்காதீர்கள். டவுன் மண்டபத்தில் ஒரு நாள் வாடகையும், கிளீனிங், கரண்ட், கேஸ் என்று மேல் செலவும் சேர்ந்தால் ஒரு விவசாயத் தொழிலாளி குடும்பம் வட்டிக்கு வாங்காமல் தீராது. சத்திரம் திறந்திருந்தால் காதுகுத்து, நிச்சயதார்த்தம் எல்லாம் இங்கேயே முடியும், மற்ற நாளில் சாயங்காலம் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கலாம், மகளிர் குழு கூட்டம் போடலாம், மாசியில் வள்ளி திருமணம் நாடகக்காரர்கள் வந்தால் வேஷம் போட இடம் தேடி அலைய வேண்டாம்.

கக்கூஸ் இல்லை, வயசானவர்கள் ஏற சாய்வுப் பாதை இல்லை, கார் நிறுத்த இடம் இல்லை என்பதெல்லாம் உண்மையான குறைகள். பெண்கள் சத்திரம் வேண்டாம் என்று சொல்வதற்கு முதல் காரணமே அந்தக் கக்கூஸ்தான். அதைப் பின்னால் கொல்லையில் தனியாக கான்கிரீட்டிலேயே கட்டிக்கொள்ளட்டும், யார் வேண்டாம் என்றார்கள். சிமென்டுக்கு நான் எதிரியில்லை, அதைச் சுண்ணாம்புச் சுவரில் கொண்டுபோய் அப்புவதுதான் கூடாது. வயரிங்கை மட்டும் சுவரைக் காடி வெட்டாமல் வெளியே குழாயில் எடுத்தால் போதும்.

வரும் மே 1 கிராமசபையில் எங்கள் தெருவிலிருந்து சில பேர் சேர்ந்து ஒரு தீர்மானம் கேட்கப் போகிறோம். இடிக்கும் பேச்சை நிறுத்திவைக்க வேண்டும், ஐப்பசி மழைக்குள் வடிகாலும் கூரையும் மட்டும் முடிய வேண்டும், சாவி பஞ்சாயத்து ஆபீசுக்கு வர வேண்டும். சுவர் வேலையை அடுத்த தையில், சம்பா அறுப்பு முடிந்து ஆட்கள் கையில் நாலு காசு புழங்கும்போது, வெயிலும் ஏறிவரும்போது ஆரம்பித்தால் ஆனிக்குள் நிதானமாக முடித்துவிடலாம். இதற்கு ஒப்புக்கொள்ளாதவர்களும் கிராமசபைக்கு வந்து எதிரே உட்கார்ந்து பேசட்டும், டீக்கடையில் பேச வேண்டாம்.

தங்கள் பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். டெல்டா மாவட்டங்களில் இப்படிக் கிடக்கிற சத்திரங்கள், மடங்கள், பழைய பொதுக் கூடங்களின் படங்களை வாசகர்களிடம் கேட்டு வாங்கி வாரம் ஒன்றாகப் போடுங்கள். அதோடு, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் யாராவது இதைப் படித்தால், அல்லது அவர்கள் பிள்ளைகள் படித்தால், பத்திரிகை ஆபீசுக்கு ஒரு தகவல் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் கொத்தனாருக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது, கூட நின்று கற்றுக்கொள்ள இரண்டு பேர் வேண்டும் என்கிறார். கூலி தருகிறோம், மூன்று வேளைச் சாப்பாடு என் பொறுப்பு. தங்குவதற்குச் சத்திரத்துத் தாழ்வாரத்தில் ஒழுகாத பக்கம் ஒன்று இருக்கிறது.

இப்படிக்கு,
வாடகைப் பாத்திரக் கடைக்காரர்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.